குமிழி மேலே வராத இடத்தில்



விண்வெளி என்ற தலைப்பைப் பார்த்து, ராக்கெட் பற்றிக் கேட்கலாம் என்று வந்திருக்கும் மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று நான் பேசப்போவது குழாய், வடிகட்டி, பம்பு, சிறுநீர் ஆகியவற்றைப் பற்றி. மனிதர்கள் நிலவில் தங்க முடியுமா, செவ்வாய்க்குப் போய்த் திரும்ப முடியுமா என்ற கேள்விக்கு ராக்கெட் பாதி விடைதான் தரும். மீதிப் பாதி இந்தக் குழாய்களுக்குள் இருக்கிறது. அந்த மீதிப் பாதியைப் பற்றித் தமிழில் பேச்சு மிகக் குறைவு என்பது என் நெடுநாள் மனக்குறை.

சின்னக் கணக்கு ஒன்று. ஓர் ஆள் ஒரு நாளைக்குச் சுமார் 0.84 கிலோ ஆக்சிஜனைச் செலவழிக்கிறார். ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயுவை வெளியே விடுகிறார். குடிக்க, உணவு தயாரிக்க, உடம்பைத் துடைத்துக்கொள்ள என்று ஆளுக்கு 3.8 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது நாசா சொல்லும் அளவு. நான்கு பேர் செவ்வாய்க்குப் போய்வர இரண்டரை ஆண்டு என்று வைத்துக்கொண்டால், தண்ணீர் மட்டுமே 13 ஆயிரம் லிட்டரைத் தாண்டிவிடுகிறது. அத்தனையையும் பூமியிலிருந்து தூக்கிக்கொண்டு போவது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே செலவழித்த தண்ணீரையே மறுபடி பிடிக்க வேண்டும். மூச்சில் கலந்து வரும் ஈரம், வியர்வை, சிறுநீர் மூன்றையும் சேர்த்துச் சுத்தம் செய்து, அதையே குடிக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் ஒரு பங்கை மின்சாரம் செலுத்திப் பிரித்து ஆக்சிஜன் எடுக்க வேண்டும். இந்த வேலைகளைச் செய்யும் கருவிகளின் தொகுப்புக்குத்தான் உயிர்காப்பு அமைப்பு என்று பெயர்.

தரையில் இதெல்லாம் நமக்குப் பழகிய தொழில்நுட்பம். கடல்நீரைக் குடிநீராக்குகிறோம், கழிவுநீரைச் சுத்திகரிக்கிறோம். மேலே போனதும் ஏன் சிக்கலாகிறது? இந்த மேசையில் ஒரு சோடா பாட்டில் வைத்திருக்கிறார்கள். திறக்கிறேன். குமிழிகள் வரிசை கட்டி மேலே ஏறி உடைவதைப் பாருங்கள். வாயு மேலே, தண்ணீர் கீழே என்று இரண்டையும் பிரித்து வைத்தது யார்? பூமியின் ஈர்ப்பு. வாயுவைவிடத் தண்ணீரை அது பலமாகக் கீழே இழுக்கிறது. அதனால் வாயு மேலே தள்ளப்படுகிறது. நம் கொதிகலன், தொட்டி, சாக்கடை, குளிர்சாதனப் பெட்டி எல்லாமே இந்த உதவியை நம்பித்தான் இருக்கின்றன. கூலி வாங்காமல் செய்யப்படும் வேலை என்பதால் நாம் கவனிப்பதே இல்லை.

400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் பூமியின் ஈர்ப்பு இருக்கிறது. தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 சதவீதம். ஆனால் நிலையமும் அதிலுள்ள ஆட்களும் தண்ணீரும் குமிழியும் ஒன்றாகவே விழுந்துகொண்டிருப்பதால், எதற்கும் எடை தெரிவதில்லை. அங்கே சோடா பாட்டிலைத் திறந்தால் குமிழிக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாது. பிறந்த இடத்திலேயே வீங்கி நிற்கும். தண்ணீர் தன் பரப்பு இழுவிசையால் உருண்டை பிடிக்கும். தொட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டிக்கொள்ளும் என்று சொல்வதன் முழுப் பொருளை 2013 ஜூலை 16 அன்று இத்தாலிய விண்வெளி வீரர் லூகா பார்மிட்டானோ அனுபவித்தார். நிலையத்துக்கு வெளியே விண்நடையில் இருந்தபோது, தலைக்கவசத்துக்குள் பின்னந்தலையில் ஈரம் தட்டுப்பட்டது. நேரம் போகப் போகத் தண்ணீர் கூடிற்று. வழிந்து ஓட அங்கே கீழ்ப்பக்கம் கிடையாது. அது தலையைச் சுற்றிப் படர்ந்து கண்ணை மூடியது, காதை அடைத்தது, மூக்குக்குள் புகுந்தது. அவரால் கையை உள்ளே விட்டுத் துடைக்கவும் முடியாது. அந்த நேரம் பார்த்து நிலையம் பூமியின் இருட்டுப் பக்கத்துக்குள் நுழைந்தது. தன்னைக் கட்டியிருந்த பாதுகாப்புக் கம்பியைத் தடவித் தடவியே காற்றறைக்கு வந்து சேர்ந்தார். கவசத்துக்குள் சேர்ந்திருந்தது ஒரு லிட்டருக்கும் மேல். ஆழ்கடலில் அல்ல, வெற்றிடத்தின் நடுவே ஒரு மனிதர் மூழ்கிச் சாகும் நிலைக்குப் போய்விட்டார்.

காரணத்தைத் தேடியபோது கிடைத்தது மிகச் சின்னப் பொருள். விண்வெளி உடையின் முதுகுப் பையில் விசிறியும் பம்பும் நீர்பிரிப்பானும் ஒரே சுழல்தண்டில் ஓடுகின்றன. உடைக்குள் சுற்றி வரும் காற்றிலிருந்து ஈரத்தைப் பிரிப்பது, வேகமாகச் சுழலும் ஓர் உருளையின் வேலை. அந்த உருளையில் இருக்கும் நுண்ணிய துளைகளைச் சிலிக்கா கலந்த படிவு அடைத்துவிட்டது. போக வேண்டிய வழி அடைபட்டதும், தண்ணீர் காற்று போகும் வழியில் ஏறித் தலைக்கவசத்துக்கு வந்துவிட்டது. இதைவிட என்னை உறுத்துவது விசாரணைக் குழு கண்ட இன்னொரு செய்தி. அதற்கு ஒரு வாரம் முன்பு அதே உடையில் அவர் வெளியே போய் வந்தபோதும் கவசத்தில் தண்ணீர் இருந்திருக்கிறது. குடிநீர்ப் பையிலிருந்து கசிந்திருக்கும் என்று எண்ணி விட்டுவிட்டார்கள். எடையில்லாத இடத்தில் தண்ணீர் எப்படிப் பயணம் செய்யும் என்பது, அதிலேயே பழகியவர்களுக்கும் கைவராத அறிவு.

ஆகவே சோதனை. எங்கே சோதிப்பது? ஈர்ப்பை அணைக்கும் சுவிட்ச் எந்த ஆய்வகத்திலும் கிடையாது. பொருளை விழவிடுவது ஒன்றுதான் வழி. ஜெர்மனியின் பிரெமென் நகரில் 146 மீட்டர் உயரக் கோபுரம் இருக்கிறது. அதன் உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட குழாயில் சோதனைக் கூட்டை 110 மீட்டர் விழவிடுகிறார்கள். 4.74 நொடி எடையின்மை கிடைக்கும். கீழே ஆழமான தொட்டி நிறையத் தெர்மாகோல் மணிகள். கூடு அதில் புதைந்து நிற்கும். 2004 முதல் அடியிலிருந்து கவண்போல் மேலே எறிந்து, ஏறும்போதும் இறங்கும்போதும் சேர்த்து 9 நொடிக்கு மேல் எடுக்கிறார்கள். சென்னை ஐஐடியிலும் 2.5 நொடிக் கோபுரம் ஒன்று உண்டு; அங்கே எடையில்லாத நிலையில் தீ எப்படி எரிகிறது என்று பார்க்கிறார்கள். இரண்டரை நொடி என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். அதற்கே 30 மீட்டருக்கு மேல் விழ வேண்டும். நேரத்தை இருமடங்காக்க உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும் என்ற இயற்பியல், கோபுரம் கட்டுகிறவர்களைச் சீக்கிரமே நிறுத்திவிடும்.

அடுத்தது விமானம். பிரான்சின் போர்தோவிலிருந்து ஓர் ஏர்பஸ் ஏ310 பறக்கிறது. விமானி மூக்கைச் சரிவாக மேலே தூக்குகிறார். உள்ளே இருப்பவர்களின் எடை 1.8 மடங்காகிறது. பிறகு எஞ்சினின் உந்தலைக் குறைத்ததும், எறிந்த கல் போகும் பாதையில் விமானம் போகிறது. 22 நொடி எல்லாம் மிதக்கும். மறுபடி 1.8 மடங்கு எடை. ஒரு பறப்பில் 31 முறை இப்படி. கூட்டிப் பார்த்தால் 11 நிமிடம் சொச்சம். பாதையைச் சற்றே மாற்றினால் எடை முழுவதும் போகாமல் நிலவின் ஆறில் ஒரு பங்கு ஈர்ப்போ செவ்வாயின் 0.38 பங்கு ஈர்ப்போ கிடைக்கும். இதற்காகவே தனியாகப் பறப்புகள் நடத்துகிறார்கள்.

இந்த விமானத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. தண்ணீரை மின்னாற்பகுக்கும்போது மின்வாயின் மேல் குமிழிகள் பிறக்கின்றன. பூமியில் அவை சின்னதாக இருக்கும்போதே கழன்று மேலே போய்விடும். ஈர்ப்பு குறைந்தால் கழல்வதற்குத் தாமதமாகும். எளிய கணக்கின்படி நிலவில் ஒரு குமிழி கழலுமுன் சுமார் இரண்டரை மடங்கு விட்டத்துக்கு வளரும். அதுவரை மின்வாயின் மேல் உட்கார்ந்து அந்த இடத்தை வேலை செய்யவிடாது. எவ்வளவு நட்டம்? அதை அளக்க, விமானத்துக்குள் சிறிய மையவிலக்குச் சுழலியை வைத்து அதில் மின்னாற்பகுப்புக் கலங்களைப் பூட்டினார்கள். விமானம் எடையின்மையில் இருக்கும் சில நொடிகளில் சுழலும் வேகத்தை மாற்றி வேண்டிய ஈர்ப்பை வரவழைத்தார்கள். 2022இல் வெளியான முடிவு இது: அவர்களது கலத்தில் நிலவின் ஈர்ப்பில் ஆக்சிஜன் உற்பத்தி சுமார் 11 சதவீதம் குறைந்தது. 11 சதவீதம் என்றால் அதற்கேற்பக் கூடுதல் மின்சாரம், கூடுதல் சூரியத் தகடு, கூடுதல் எடை. அதே கட்டுரையில் நம்பிக்கை தரும் செய்தியும் இருக்கிறது. தரையிலேயே சுழலியில் வைத்து ஈர்ப்பைக் கூட்டி அளந்தால், அந்தக் கோட்டை நீட்டிக் குறை ஈர்ப்புக்கான விடையையும் ஓரளவு ஊகிக்கலாம் என்கிறார்கள். பணவசதி குறைந்த ஆய்வகங்கள் கவனிக்க வேண்டிய வழி அது.

குமிழியைக் கழற்றிவிடச் சுழற்றித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. காந்தத்தை வைத்து மின்வாயிலிருந்து குமிழியை விலக்கலாம் என்று பிரெமென் கோபுரத்திலேயே விழவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பாத்திரத்தின் வடிவத்தைக் கொண்டே தண்ணீரை நடத்தலாம் என்பது இன்னொரு வழி. 2008 நவம்பரில் விண்வெளி வீரர் டான் பெட்டிட் ஒரு பிளாஸ்டிக் தாளைக் கண்ணீர்த்துளி வடிவத்தில் மடித்துக் கோப்பை செய்தார். அதன் கூரான மூலை வழியே காபி தானாக ஏறி உதட்டுக்கு வந்தது. பரப்பு இழுவிசையை எதிரியாக வைத்துக்கொள்ளாமல் வேலைக்காரனாக்கிய முறை அது. போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தின் மார்க் வைஸ்லோகலும் அவரைச் சேர்ந்தவர்களும் இதே அடிப்படையில், சுழலும் பாகம் ஏதும் இல்லாமல் வாயுவையும் திரவத்தையும் பிரிக்கும் வடிவங்களை நிலையத்தில் சோதித்திருக்கிறார்கள். சுழலாதது தேயாது. செவ்வாய்ப் பயணத்தில் உதிரிப்பாகக் கடை கிடையாது என்பதால், இந்தப் பக்கம்தான் என் மனம் சாய்கிறது.

இதுவரை சொன்னவை நொடிகளில் தெரியும் கோளாறுகள். கோபுரமும் விமானமும் அவற்றைப் பிடித்துவிடும். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, மாதக்கணக்கில் மெல்ல வளரும் கோளாறுகளைப் பற்றி.

பெட்டிட் காபிக் கோப்பை செய்த அதே பயணத்தில்தான், எண்டெவர் விண்கலம் சிறுநீரைக் குடிநீராக்கும் கருவியை நிலையத்துக்குக் கொண்டுபோயிற்று. காற்றழுத்தத்தைக் குறைத்துச் சிறுநீரைக் காய்ச்சி வடிப்பது அதன் முறை. எடையில்லாத இடத்தில் ஆவியும் நீரும் கலந்துவிடுமே என்பதற்காக, காய்ச்சும் பாத்திரமே சுழலும் உருளையாக அமைந்திருக்கும். ஓடத் தொடங்கிய சில மணி நேரத்தில் கருவி நின்றது. மைக் ஃபின்கேயும் பெட்டிட்டும் அதிர்வைத் தாங்க வைத்திருந்த ரப்பர் தாங்கிகளைக் கழற்றிவிட்டு, உருளையை நேரடியாகச் சட்டத்தில் முடுக்கினார்கள். ஓடியது. 2009 மே மாதம் நிலையத்தில் இருந்தவர்கள் அந்தத் தண்ணீரை முதன்முறையாகக் குடித்தார்கள்.

அந்த ஆண்டு முடிவதற்குள் கருவி மறுபடி நின்றது. இம்முறை ரப்பரைக் கழற்றித் தீர்க்க முடியவில்லை. உள்ளே ஜிப்சம் படிந்திருந்தது. அதாவது கால்சியம் சல்பேட். அந்தக் கால்சியம் எங்கிருந்து வந்தது? விண்வெளி வீரர்களின் எலும்பிலிருந்து. எடை தாங்கும் வேலை இல்லாதபோது உடம்பு எலும்பைக் கரைத்துச் சிறுநீரில் விடுகிறது. சிறுநீர் கெடாமலிருக்கச் சேர்த்த கந்தக அமிலத்தின் சல்பேட்டோடு அந்தக் கால்சியம் சேர்ந்து படிவாகிவிட்டது. கருவியை வடிவமைத்தவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று சொல்ல மாட்டேன். தரையில் நன்றாகச் சோதித்திருந்தார்கள். ஆனால் சோதனைக்குக் கிடைத்தது தரையில் நடமாடும் மனிதர்களின் சிறுநீர். கருவியைச் சோதித்தார்கள், அதோடு பிணைந்திருக்கும் உடம்பை மேலே அனுப்பிச் சோதிக்க வழி இல்லை. 85 சதவீதம் தண்ணீரை மீட்கலாம் என்ற இலக்கை 70 சொச்சத்துக்கு இறக்க வேண்டியதாயிற்று. பிறகு கந்தக அமிலத்துக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறினார்கள். எஞ்சிய கசண்டிலிருந்தும் ஈரத்தை எடுக்கும் கருவி 2021இல் போய்ச் சேர்ந்தது. 2023இல் மொத்தத் தண்ணீரில் 98 சதவீதத்தை மீட்டதாக நாசா அறிவித்தது. சிறுநீர்க் கருவி மேலே போன நாளிலிருந்து கணக்கிட்டால் 14 ஆண்டுகளுக்கு மேல்.

இன்னொன்று. 2010இல் நிலையத்தின் குடிநீரில் கரிமச் சேர்மங்களின் அளவு மெல்ல ஏறத் தொடங்கியது. மாதிரியைப் பூமிக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள். டைமெத்தில்சிலேன்டையால் என்ற சேர்மம். வியர்வை நாற்றம் போக்கும் பசை, துடைக்கும் ஈரத்தாள் போன்றவற்றில் இருக்கும் சிலிக்கோன் வகைப் பொருட்கள் காற்றில் ஆவியாகி, உருமாறி, ஈரத்தோடு தண்ணீருக்குள் வந்திருந்தன. வடிகட்டிகளைத் தாண்டி வரும் அளவுக்கு அது சேரப் பல மாதம் பிடித்தது. கரியமில வாயுவை உறிஞ்சும் ஜியோலைட் மணிகளும் இப்படித்தான். நாளாக ஆகப் பொடிந்து, அந்தத் தூள் வால்வுகளில் போய்ச் சிக்கியது. இவற்றில் ஒன்றையாவது 22 நொடியில் கண்டுபிடித்திருக்க முடியுமா?

இப்போது நிலவுக்கு வருவோம். பூமியில் உணரும் ஈர்ப்பு ஒன்று, நிலையத்தில் பூஜ்யம், நிலவில் ஆறில் ஒன்று. இரண்டு முனையும் தெரிந்தால் நடுவில் இருப்பதை ஊகித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். தீயைப் பாருங்கள். பூமியில் சூடான வாயு மேலே ஏற, புதுக்காற்று கீழிருந்து வந்து தீயை வளர்க்கிறது. நிலையத்தில் அந்த ஓட்டம் இல்லாததால் சுடர் உருண்டையாகி மங்குகிறது. நிலவிலோ மெல்லிய ஓட்டம் இருக்கும். ஆக்சிஜனைக் கொண்டுவர அது போதும். சுடரை ஊதி அணைக்கப் போதாது. பூமியில் தீப்பிடிக்காது என்று சான்று பெற்ற சில பொருட்கள் அங்கே எரியக்கூடும் என்பது ஆய்வாளர்களின் அச்சம். நடுவில் இருப்பது இரண்டு முனையையும்விட மோசமாக இருக்கலாம். 2025 பிப்ரவரி 4 அன்று டெக்சஸிலிருந்து கிளம்பிய நியூ ஷெப்பர்ட் என்ற ராக்கெட்டின் கூடு, தன்னைத்தானே நிமிடத்துக்குச் சுமார் 11 முறை சுழற்றிக்கொண்டு இரண்டு நிமிடம் அளவுக்கு நிலவின் ஈர்ப்பை உண்டாக்கியது. இந்தத் தீக் கேள்விக்கான சோதனையும் அதில் போனது. இரண்டு நிமிடம் பெரிய முன்னேற்றம்தான். ஜிப்சம் படிய எத்தனை மாதம் ஆயிற்று என்பதோடு வைத்துப் பார்த்தால் அதன் எல்லையும் தெரியும்.

நம் நாட்டுக்கும் இது பக்கத்து வீட்டுக் கதை இல்லை. ககன்யான் திட்டம் மூவரை 400 கிலோமீட்டர் உயரத்துக்கு மூன்று நாள் வரை அனுப்புவது. உயிர்காப்பு அமைப்பைத் தர மற்ற நாடுகள் முன்வராததால், நாமே உருவாக்குகிறோம் என்று இஸ்ரோவின் அன்றைய தலைவர் சோமநாத் வெளிப்படையாகச் சொன்னார். மூன்று நாளுக்குத் தண்ணீரைச் சுத்திகரிக்க வேண்டியதில்லை, கையோடு கொண்டுபோகலாம். ஆனால் 2035க்குள் நமக்கென்று விண்வெளி நிலையம், 2040க்குள் நிலவில் இந்தியர் என்று இலக்கு வைத்திருக்கிறோம். மூன்று நாளுக்கும் மூன்று ஆண்டுக்கும் நடுவில் இருப்பது இந்த மெல்லிய கோளாறுகளின் உலகம். அதற்கான சோதனையை 2035இல் தொடங்கினால், இன்னொருவர் பட்ட 14 ஆண்டை நாமும் படுவோம். பன்னாட்டு நிலையத்தை 2030 வரைதான் இயக்கத் திட்டம். நீண்டகால எடையின்மையில் கருவிகளை ஓட்டிப் பார்க்கப் பல நாடுகளும் சேர்ந்து பயன்படுத்திய அந்தக் கூடம் போய்விட்டால், இடம் இன்னும் சுருங்கும்.

இங்கே இருக்கும் பொறியியல் மாணவர்களிடம் ஒரு யோசனையை வைக்கிறேன். நிலவின் ஈர்ப்பு மாதக்கணக்கில் கிடைக்கும் இடம் இப்போதைக்கு நிலவு மட்டுமே. ஆகவே ஆள் போவதற்கு முன் உயிர்காப்புக் கருவி தனியாகப் போகட்டும். ஓராண்டு ஆளில்லாமல் ஓடட்டும். அதற்கு மூச்சும் சிறுநீரும் யார் தருவது? கரியமில வாயுவையும் ஈரத்தையும் செலுத்தும் பொறி ஒன்றைக் கூடவே அனுப்பலாம். சிறுநீர்தான் சிக்கல். அதில் கால்சியம் எவ்வளவு கலக்க வேண்டும்? ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பில் எலும்பு எவ்வளவு கரையும் என்பதை யாரும் அளந்ததில்லை. 1972இல் அப்போலோ 17 வீரர்கள் இருவர் நிலவில் தங்கிய சுமார் 75 மணி நேரம்தான் மனிதர் அங்கே இருந்த மிக நீண்ட நேரம். ஜெர்மனியின் கொலோனில் தன்னார்வலர்களைத் தலைப்பக்கம் 6 பாகை சரித்து 60 நாள் படுக்கையிலேயே வைத்து ஆராய்கிறார்கள். அப்படிப் படுத்திருப்பவர்களின் எலும்பும் கரைகிறது, சிறுநீரில் கால்சியம் ஏறுகிறது. தரையில் வடிகருவியைச் சோதிக்கும் எந்தக் குழுவும் முதலில் கேட்டு வாங்க வேண்டியது அந்தச் சிறுநீரை. அதிலிருந்து மேல் எல்லையும், நடமாடும் நம்முடையதிலிருந்து கீழ் எல்லையும் எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் இடையே பல அளவுகளில் கால்சியம் கலந்து கருவியை ஓட்டிப் பார்க்கலாம். இதற்குக் கோபுரமும் வேண்டாம், விமானமும் வேண்டாம். ஒரு கல்லூரி வேதியியல் கூடமும் பொறுமையும் இருந்தால் இந்த ஆண்டே தொடங்கலாம்.